மழைமானியும் பெயர்ப் பட்டியலும்: மலையகத்தில் ஐந்து நாள்

முதல் நாள், மார்ச் 18, 2024, திங்கள். பேராதனை

காலை எட்டு மணிக்கெல்லாம் பேராதனைப் பூங்கா வாசலில் நின்றுவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் சுற்றி முடிக்க வேண்டும். கூட வந்திருக்கும் வங்காளதேசக் கர்னல் நோன்பு பிடித்திருக்கிறார், பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இன்னொருவர் மணிலாவிலிருந்து வந்த தோழி. சிவில் அதிகாரி, வேலை என்னுடையதைப் போலத்தான்: புயல் வந்தால் யாரை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று பார்ப்பது.

நாங்கள் மூவரும் பழகியது 2022இல், ஹொனலுலுவில். அங்கே டேனியல் கே. இனோயே ஆசிய பசிபிக் பாதுகாப்பு ஆய்வு மையம் என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1995இல் தொடங்கியது. பல நாட்டுப் படை அதிகாரிகளையும் சிவில் அதிகாரிகளையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்துப் பாடம் நடத்துவார்கள். பாடம் என்பதைவிட, பேச வைப்பார்கள் என்று சொல்லலாம். சீருடை போடுவதில்லை, எல்லோருக்கும் பூப்போட்ட சட்டைதான். பிரதேச செயலகம் ஒன்றில் அனர்த்த நிவாரண உத்தியோகத்தராக இருக்கும் எனக்கு அங்கே ஓர் இடம் கிடைத்தது. ஐந்து வாரம் இருந்தேன். அறைக்குள் கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்று மட்டும் சொல்லக் கூடாது. அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டதால்தான் இந்தக் குறிப்புகளில் கூட வந்தவர்களின் பெயர் இருக்காது.

இருவரும் ஒரு கூட்டத்துக்காகக் கொழும்பு வந்தார்கள். முடிந்ததும் ஐந்து நாள் இருங்கள், எங்கள் மலையைக் காட்டுகிறேன் என்று கேட்டேன். சரி என்றார்கள். நானும் லீவு போட்டுவிட்டேன்.

பேராதனையில் தொடங்கியதற்குக் காரணம் உண்டு. பல்கலைக்கழகத்தில் படித்த நாலு வருடமும் இந்தப் பூங்காவைச் சுற்றித்தான் நடந்தேன். மூன்று பக்கமும் மகாவலி வளைந்தோடும் இடம், நடுவில் பெரிய புல்வெளி, அதில் குடையாய் விரிந்த ஜாவா அத்தி. இந்த மரங்களுக்கு நடுவில் இரண்டாம் உலகப் போரின் ஒரு தலைமையகம் இருந்தது என்பது படித்து முடிக்கும்வரை எனக்குத் தெரியாது. 1943 ஆகஸ்டில் கியூபெக் மாநாட்டில் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையை அமைக்க முடிவெடுத்தார்கள். அதன் தலைமைத் தளபதி மவுண்ட்பேட்டன் அதை டெல்லியில் தொடங்கி 1944 ஏப்ரலில் கண்டிக்குக் கொண்டுவந்தார். பூங்காவுக்குள் கொட்டகைகள் எழுந்தன. பர்மா போரின் திட்டங்கள் இங்கிருந்து போயின.

நாங்கள் வகுப்பில் படித்த சிக்கல் எல்லாம் அந்தக் கொட்டகைகளிலேயே இருந்திருக்கிறது. மவுண்ட்பேட்டன் ஆங்கிலேயர், அவருக்கு அடுத்த இடத்தில் அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனிப் பழக்கத்தோடு வந்தவை. நடுவில் அரசியல் ஆலோசகராக எஸ்லர் டெனிங் என்ற சிவில் அதிகாரி. அமெரிக்க உளவு அமைப்பும் கண்டியில் முகாம் போட்டிருந்தது. கிரகரி பேட்சன் என்ற மானிடவியலாளர் அதில் வேலை செய்தார். அங்கே கோப்புகளைக் கவனித்த ஜூலியா மெக்வில்லியம்ஸ்தான் பின்னாளில் ஜூலியா சைல்ட் என்று அமெரிக்கா முழுவதும் அறிந்த சமையல் கலைஞர். இத்தனை விதமான மனிதர்களை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதே அங்கே பெரிய வேலையாக இருந்திருக்கும்.

கர்னல் அத்தி மரத்தடியில் வெகுநேரம் நின்றார். அவருடைய பாட்டனார் அந்தப் போரில் சிட்டகாங் பக்கம் இராணுவ லொறி ஓட்டியவராம். பர்மாவில் சண்டையிட்ட பதினான்காம் படையில் பெரும்பாலானோர் இந்தியத் துணைக்கண்டத்தவர், ஆபிரிக்கர்களும் இருந்தார்கள். "தாத்தாவுக்கு உத்தரவு இந்த மரத்தடியிலிருந்து வந்திருக்கும்" என்றார். அப்புறம், "ஆனால் தாத்தாவிடமிருந்து இங்கே எதுவும் வந்திருக்காது" என்றார்.

இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதி வைத்துக்கொண்டேன். ஐந்து நாளும் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம் என்று அப்போது தெரியாது.

இரண்டாம் நாள், மார்ச் 19, செவ்வாய். ஹட்டன்

கண்டியிலிருந்து காலை ரயில். கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் வண்டி மூச்சு வாங்கத் தொடங்கும், காற்றும் மாறும். மணிலாத் தோழி ஜன்னலை விட்டு நகரவில்லை. தேயிலை மலைகளைப் பார்த்து, "யாரோ சீப்பு வைத்து வாரிவிட்ட மாதிரி இருக்கிறது" என்றாள். வாரியவர்கள் எங்கள் ஆட்கள்தான் என்றேன்.

இந்தத் தண்டவாளம் எங்கள் வீட்டில் வேறு கதைக்குரியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் டெல்லியில் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர் வழிவந்த மலையகத் தமிழர் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கு. 1948இல் குடியுரிமை மறுக்கப்பட்டவர்கள். அதில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். 1974இல் பிறகு பேசி, ஆளுக்கு 75 ஆயிரம் என்று பாதியாய்ப் பிரித்தார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னார் போய், கப்பலில் ராமேஸ்வரம். பாட்டியின் தங்கை அப்படித்தான் போனார். "கோச்சி கெளம்புனப்போ அழுத அழுக மலையெல்லாம் கேட்டுச்சு" என்று பாட்டி சாகும்வரை சொன்னார். அவர் போகவில்லை. ஆனால் கடைசி காலம்வரை அவரிடம் ஓர் அடையாள அட்டையும் இருக்கவில்லை.

அடையாள அட்டை இல்லை என்றால் என்ன ஆகும் என்பதைக் கர்னலுக்கு விளக்க வேண்டியிருந்தது. 2000ஆம் ஆண்டு, போர்க்காலம். பாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் ஒரு சோதனைச்சாவடியில் இறக்கினார்கள். எனக்குப் பத்தொன்பது வயது, கையில் என் அட்டை இருந்தது. பாட்டிக்கு எதுவும் இல்லை. மூன்று மணி நேரம் பலகையில் உட்கார்ந்திருந்தோம். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது, பாட்டிக்குச் சிங்களம் தெரியாது. நான் இரண்டுக்கும் நடுவில். அந்தச் சிப்பாயும் சின்னப் பையன்தான், பயந்திருந்தான் என்பது இப்போது புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றும் முதலில் நினைவுக்கு வருவது அந்தப் பலகைதான். ஹொனலுலுவில் முதல் நாள் ஒவ்வொருவரும் 'பாதுகாப்பு என்றால் உங்களுக்கு என்ன' என்று சொல்ல வேண்டியிருந்தபோது இதைத்தான் சொன்னேன். அறை அமைதியாகிவிட்டது.

மத்தியானம் தோட்டத்துக்கு நடந்தோம். ஹட்டனிலிருந்து பஸ், பிறகு இரண்டு கிலோமீட்டர் ஏற்றம். பார்க்கப் போனது என் மழைமானியை.

பாடநெறியில் ஒவ்வொருவரும் ஊருக்குத் திரும்பியதும் செய்ய ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். நான் எடுத்தது இதுதான். இரண்டு லிட்டர் சோடாப் போத்தல் ஒன்றின் கழுத்துப் பகுதியை வெட்டித் தலைகீழாய்ப் புனல் மாதிரி அதே போத்தலுக்குள் வைப்பது. அடிப்பக்கம் மேடு பள்ளமாக இருக்கும் என்பதால் சின்னக் கற்களைப் போட்டு, ஒரு மட்டம்வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தைப் பூச்சியம் என்று குறிக்க வேண்டும். அதிலிருந்து மேலே மில்லிமீட்டர் கணக்கு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் மண்சரிவு எல்லைகளை நாங்களும் வைத்துக்கொண்டோம்: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கவனம், 100 என்றால் தயாராகு, 150 என்றால் வெளியேறு. ஒரே மணி நேரத்தில் 75 விழுந்தாலும் வெளியேறு.

தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் அதைப் பார்த்துக்கொள்ளும் அக்கா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். கோடுகளை அவரே கியூடெக்ஸால், அதாவது நகப்பூச்சால், போட்டிருந்தார். மகளிடம் இருந்த மூன்று நிறம்: ரோஸ், ஆரஞ்சு, இரத்தச் சிவப்பு. பென்சில் அழிந்துவிடுகிறது, பெயின்ட் உரிந்துவிடுகிறது, கியூடெக்ஸ் மட்டும் ஒரு வருடமாய் அப்படியே நிற்கிறது. போத்தல் சாயாமல் இருக்கக் கம்புக்கூடையின் அடிப்பாகத்தை வெட்டி மண்ணில் புதைத்து அதற்குள் நிறுத்தியிருந்தார். தினமும் காலை எட்டரைக்குப் பார்த்து ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதுகிறார். மழை இல்லாத நாளில் 'இல்ல' என்று எழுதியிருக்கிறார். ஒரு நாளும் விடவில்லை.

மணிலாத் தோழி கொப்பியை மடியில் வைத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். தமிழ் தெரியாது, இலக்கங்கள் தெரியும். பிறகு கேட்டாள், "எச்சரிக்கை வந்தால் என்ன செய்வீர்கள்?"

அக்கா யோசிக்கவே இல்லை. "போன்ல மெசேஜ் வரும். அவதானமாக இருக்கவும்னு போட்டிருக்கும். அவதானமா இருன்னா என்ன மிஸ், நாங்க கதவ சாத்திக்கிட்டு புள்ளைங்கள உள்ள வச்சிக்கிட்டு இருப்போம்."

மலைக்கு அடியில் இருக்கும் லயத்துக்குள், கதவைச் சாத்திக்கொண்டு.

மொழிபெயர்த்துச் சொன்னதும் தோழி கொப்பியை மூடினாள். 2013 நவம்பர் 8ஆம் தேதி ஹையான் புயல் டக்லோபானைத் தாக்கியது. பிலிப்பைன்ஸில் 6,300க்கும் மேல் இறந்தார்கள். கடல் மட்டம் எழும்பி ஊருக்குள் வரும் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஆனால் அறிவிப்பில் இருந்த ஆங்கிலச் சொல் பலருக்கு விளங்கவில்லை. சுனாமி மாதிரி வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம் என்று தப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். "கணிப்பு சரியாக இருந்தது. ஒரு சொல்லில் விட்டுவிட்டோம்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நோன்பு திறக்க ஹட்டனுக்கு ஓடி வந்தோம். பள்ளிவாசலில் எங்களுக்கும் கஞ்சி கொடுத்தார்கள். சூடு குறையாத இஞ்சி மணம், கூட ஒரு பேரீச்சம்பழம்.

மூன்றாம் நாள், மார்ச் 20, புதன். நுவரெலியா

குளிர். கர்னல் விடியுமுன் சாப்பிடும் சகர் முடித்துப் படுத்தவர் பத்து மணிவரை எழும்பவில்லை. தோழி ஸ்வெட்டர் வாங்கினாள். ஏரியைச் சுற்றி நடந்தோம். படம் எடுத்தோம். நுவரெலியாவைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இரவு மட்டும் நல்ல பேச்சு. அதிகாரிகளுக்கான உயர் கல்லூரிகள் பற்றி. லண்டனில் 1927இல் தொடங்கியது மூத்தது, இன்று ராயல் பாதுகாப்பு ஆய்வுக் கல்லூரி. படைக்காரர்களோடு சிவில் அதிகாரிகளையும் உட்கார வைக்கும் வழக்கம் அங்கிருந்து வந்தது. டெல்லியில் 1960, மணிலாவில் 1963. டாக்காவில் மிர்பூரில் இருக்கிறது, கர்னல் அங்கே படித்தவர். கொழும்பில் எங்களுடையது 2021இல்தான் வந்தது. இவற்றால் என்ன பயன் என்று தோழி நேரடியாகவே கேட்டாள். கர்னல் சொன்ன பதில் 1991 பற்றியது.

அந்த ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையை அடித்த புயலில் ஏறக்குறைய 1 லட்சத்து 38 ஆயிரம் பேர் இறந்தார்கள். வளைகுடாப் போர் முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கடற்படைப் பிரிவு ஒன்று வழியை மாற்றி வந்தது. ஜெனரல் ஸ்டாக்போல் தலைமையில் நடந்த அந்தப் பணிக்குக் கடல் தேவதை என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பெரும்பகுதிப் படையினர் இரவில் கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள். எந்த ஊருக்கு முதலில் அரிசி போக வேண்டும் என்பதை வங்காளதேச சிவில் அதிகாரிகளும் தொண்டு நிறுவனங்களும் தீர்மானித்தார்கள், ஹெலிகொப்டர் அதைக் கொண்டுபோய் இறக்கியது. "துப்பாக்கி வைத்திருப்பவன் அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, எங்கே வைக்க என்று ஒரு குமாஸ்தாவிடம் கேட்க வேண்டும். அது பழக்கத்தால் மட்டும்தான் வரும்" என்றார் கர்னல். "அந்தப் பழக்கத்தைக் கொடுக்கத்தான் கல்லூரி."

எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் என் மனக்குறையையும் சொன்னேன். எல்லாக் கல்லூரியும் தலைநகரில், எல்லாம் மேல்மட்டத்துக்கு. தோட்டத்தில் மண் சரியும்போது முதலில் வருவது பக்கத்து முகாமின் லெப்டினன்டும் ஒரு கிராம உத்தியோகத்தரும். அவர்கள் இருவரும் அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

கர்னல் தன் நாட்டுப் புயல் முன்னாயத்தத் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். 1970இல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்ற புயலுக்குப் பிறகு 1972இல் தொடங்கியது. இன்று 76 ஆயிரத்துக்கும் மேல் தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள். கொடி ஏற்றுவார்கள், ஒலிபெருக்கியோடு வீடு வீடாய்ப் போவார்கள். வானொலி ஒரு எண்ணைச் சொல்லும், பக்கத்து வீட்டுப் பெண் வந்து 'எழும்பு, போவோம்' என்பாள். அந்தக் கடைசி நூறு அடி இல்லாமல் மற்றது எதுவும் வேலை செய்யாது என்றார்.

நான்காம் நாள், மார்ச் 21, வியாழன். கொஸ்லந்தை

இன்றைக்கு எழுதுவது கஷ்டம். இருந்தாலும் இன்றே எழுத வேண்டும்.

வெலிமடை, பண்டாரவளை வழியாக வேன். பண்டாரவளையில் எங்கள் நாலாவது ஆள் ஏறிக்கொண்டார். மேஜர், சிங்களவர், தியத்தலாவையில் பணியில் இருக்கிறார். ஹொனலுலுவில் எங்கள் குழுதான். என்னை 'அக்கா' என்பார், தமிழிலேயே. பெரகலையிலிருந்து கீழே இறங்கும் பாதையில் மலைக்காற்று முடிந்து சமவெளியின் சூடு முகத்தில் அடிக்கும். தியலும அருவி பக்கத்தில்தான். யாரும் அதைப் பார்க்கலாமா என்று கேட்கவில்லை.

2014 அக்டோபர் 29. காலை ஏழரை மணி இருக்கும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், கொஸ்லந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை இறங்கியது. லயங்கள் வரிசை வரிசையாய் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று அதற்கு முந்தைய வருடங்களிலேயே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. மக்கள் ஏன் போகவில்லை என்று அப்போது எல்லோரும் கேட்டார்கள். எங்கே போவது? லயமும் நிலமும் தோட்டத்துக்குச் சொந்தம். போ என்று சொன்னவர்கள் எங்கே என்று சொல்லவில்லை.

தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர்கள் அவசரமாய்த் தேவை என்று பக்கத்து மாவட்டத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். மறுநாள் போய்ச் சேர்ந்தேன். முதலில் நூற்றுக்கணக்கானோர் புதைந்துவிட்டார்கள் என்று செய்தி பரவியிருந்தது. பிறகு எண்ணிக்கை குறைந்தது, நாற்பதுக்குள் வந்தது. அந்த வித்தியாசத்துக்குள் நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. யார் இருந்தார்கள், யார் வெளியே போயிருந்தார்கள் என்று உறுதியாய்ச் சொல்ல யார் கையிலும் ஒரு தாள் இல்லை.

பள்ளிக்கூட வராந்தாவில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்தேன். 120 பக்கக் கொப்பி. லயம், அறை, பெயர், வயது, இப்போது எங்கே. ஐந்து நிரல். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிட இன்னொரு பெயர், தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் மூன்றாவது பெயர். ஒரே லயத்தில் மூன்று லெட்சுமி. பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பிய பிள்ளைகள் வரிசையில் நின்று அம்மாவின் பெயரைச் சொன்னார்கள். 'இப்போது எங்கே' என்ற கடைசி நிரலை எழுத என் கை வரவில்லை. பென்சிலால் ஒரு புள்ளி மட்டும் வைத்தேன்.

மேலே இராணுவம் தோண்டிக்கொண்டிருந்தது. ஆறாம் லயம் எந்த இடத்தில் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். சிங்களத்தில் கேட்டார்கள். தமிழ் 1987இலிருந்து இந்த நாட்டின் அரச கருமமொழி, பதின்மூன்றாவது திருத்தத்தில் இருக்கிறது. அந்தச் சேற்றில் அது இல்லை. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முன்னால் வந்தான். கடைக்குப் போய்வந்த பழக்கத்தில் கொஞ்சம் சிங்களம் தெரியும். என் கொப்பியை வாங்கிக்கொண்டு மேலே ஓடினான். சாயங்காலம் சேற்றோடு திருப்பித் தந்தான். யாரிடம் காட்டினான் என்று நான் கேட்கவில்லை.

எட்டு வருடம் கழித்து, ஹொனலுலுவில், மூன்றாவது வாரம். ஒரு கற்பனைத் தீவில் வெள்ளம், முதல் ஆறு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று குழுவுக்குப் பயிற்சி. ஆளுக்கொன்று சொன்னார்கள்: ஹெலிகொப்டர், தொலைத்தொடர்பு, வைத்தியர். எங்கள் மேஜர் முறை வந்தபோது, "பட்டியல்" என்றார். ஏன் என்று கேட்டார்கள். இளம் லெப்டினன்டாய் ஒரு மலையில் தோண்டியதைச் சொன்னார். ஒரு சின்னப் பையன் தமிழில் எழுதிய கொப்பியைக் கொண்டுவந்து, மேலே தப்பி நின்ற மரம் ஒன்றை அடையாளம் வைத்து, இங்கேயிருந்து இத்தனை எட்டு என்று லயங்களைக் காட்டினானாம். பெயர்களை ஒவ்வொன்றாய் வாசித்தானாம். சில பெயர்களுக்கு எதிரே பென்சில் புள்ளி இருந்தது, அது என்ன என்று பையனிடம் கேட்க முடியவில்லை என்றார்.

அது என் கையெழுத்து என்று சொல்ல எனக்கு வெகுநேரம் எடுத்தது. சொன்ன பிறகு அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை.

ஒரே மலையில், ஒரே நாளில், அரை மைல் தூரத்தில் இருவரும் வேலை செய்திருக்கிறோம். சந்திக்க ஹொனலுலு போக வேண்டியிருந்தது. இதை நான் யாரையும் குற்றம் சொல்லி எழுதவில்லை. ஆனால் இது இப்படி இருக்கக் கூடாது, இதை மாற்ற முடியும் என்று முழு மனதோடு நம்புகிறேன்.

இன்று நாலு பேரும் அந்தச் சரிவுக்குக் கீழே நின்றோம். புல்லும் செடியும் மூடிவிட்டன, தெரியாதவர்களுக்கு அது இன்னொரு பச்சை மலைதான். மேஜர் மரத்தைத் தேடினார். அந்த மரம் இல்லை, அல்லது நாங்கள் நின்ற இடம் தவறாக இருக்கலாம். கர்னல் கைகளை ஏந்தி துஆ செய்தார். நான் கற்பூரம் கொண்டுபோயிருந்தேன். காற்றில் இரண்டு தடவை அணைந்தது. தோழி தன் புதிய ஸ்வெட்டரைப் பிடித்து மறைத்தாள், மூன்றாவது தடவை நின்று எரிந்தது.

தப்பியவர்கள் இரண்டு வருடம் பழைய தேயிலைத் தொழிற்சாலையில் காத்திருந்தார்கள். 2016இல் பூனாகலைப் பக்கம் மாகல்தெனியவில் 75 வீடுகள் கொடுத்தார்கள். அங்கே போகலாம் என்று மேஜர் கேட்டார். நாங்கள் போகவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்களாய் அவர்கள் வாசலில் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

ஐந்தாம் நாள், மார்ச் 22, வெள்ளி. தியத்தலாவை

புல்மலைகள். தேயிலை இல்லாமல் மொட்டையாய், மஞ்சள் கலந்த பச்சையில் உருண்டு கிடக்கும் மலைகள். இலங்கை இராணுவக் கல்விக்கழகம் இங்கேதான். 1950இல் பயிற்சி முகாமாய்த் தொடங்கி 1981இல் இன்றைய பெயருக்கு வந்தது. நாட்டின் தரைப்படை அதிகாரிகள் உருவாகும் இடம். உள்ளே போக நாங்கள் கேட்கவில்லை, மேஜர் வெளியே வந்தார்.

அவர்களுக்கு முன்னாலும் இந்த மலை பல பேரைப் பார்த்திருக்கிறது. 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளை ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்தார்கள், சுமார் ஐயாயிரம் பேர். தகரக் கொட்டகைகள். கைதிகள் தங்களுக்குள் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள், முள்கம்பி என்று பொருள்படும் பெயரில் பத்திரிகையும் போட்டார்கள். முதல் உலகப் போர் வந்ததும் ஜெர்மானியர்கள். அவர்களில் பௌத்த பிக்கு ஞானதிலோகரும் ஒருவர். துறவியாய் இருந்தாலும் பிறந்த நாடு ஜெர்மனி என்பதால் அடைத்தார்கள். பாட்டி பலகையில் உட்கார்ந்திருந்த அதே கணக்குத்தான், எனக்கு அப்படித்தான் பட்டது.

ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் மேஜர் ஒரு அட்டையை எடுத்து வைத்தார். எங்கள் இருவரின் வேலை அது. போன மாதம் முழுக்க போனில் பேசிப் பேசி எழுதியது. இருபது வாக்கியங்கள். தமிழில் எழுதி, உச்சரிப்பைச் சிங்கள எழுத்தில் கீழே போட்டிருக்கிறோம். 'வீட்டில் எத்தனை பேர்?' 'யாரைக் காணவில்லை?' 'நடக்க முடியாதவர்கள் இருக்கிறார்களா?' 'வெளியே வாங்க, இப்பவே.' முதலில் 'வெளியேறுங்கள்' என்றுதான் எழுதியிருந்தேன். ஹட்டன் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அப்படி யாரும் பேச மாட்டாங்க மிஸ், 'வெளிய வாங்க இப்பவே'ன்னு போடுங்க என்றார். மேஜர் தன்னோடு இருக்கும் இளைஞர்களுக்கு வெள்ளிக்கிழமை மாலையில் அரை மணி நேரம் இதைச் சொல்லிக் கொடுக்கிறார். உத்தரவு எதுவும் இல்லை, விரும்பியவர்கள் வரலாம். முதல் வாரம் நாலு பேர், இப்போது பதினொரு பேர். கர்னல் அட்டையை போனில் படம் எடுத்துக்கொண்டார். ரோஹிங்கியா அகதி முகாம்கள் உள்ள காக்ஸ் பஜாரில் இருக்கும் தன் நண்பர்களுக்கு அனுப்ப வேண்டுமாம்.

மூன்று மணிக்கு இடி. மார்ச் கடைசியில் இப்படித்தான், மத்தியானம்வரை வெயில், பிறகு வானம் கறுத்துக் கொட்டும். தியத்தலாவையில் தூறலோடு நின்றுவிட்டது. ஹட்டன் பக்கம் மின்னிக்கொண்டே இருந்தது.

இருவரும் இரவுத் தபால் ரயிலில் கொழும்பு போகிறார்கள். பிளாட்பாரத்தில் கர்னலின் நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சம்பழமும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி தாண்டியதும் போன் ஒலித்தது. ஹட்டன் அக்காவின் மெசேஜ். 'மிஸ் 41. ரெண்டு மணி நேரத்துல. இன்னும் ஊத்துது.'

மேஜரிடம் காட்டினேன். அவர் இலக்கத்தைத் தமிழில் வாசித்தார், "நாற்பத்தி ஒன்று". பிறகு விரலால் மடியில் கணக்குப் போட்டார். எழுபத்தைந்துக்கு இன்னும் முப்பத்து நாலு.

கணக்குப்படி காத்திருக்கலாம். ஆனால் ராத்திரி வரப்போகிறது, அந்த லயத்துக்கு மேலே உள்ள மண் எனக்குத் தெரியும். அக்காவை அழைத்தேன். லைன் இரண்டு தடவை விழுந்தது. மூன்றாவது தடவை எடுத்தார். மேல் லயத்துக்காரர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், இப்பவே என்றேன். "சரி மிஸ்" என்றார், வேறு எதுவும் கேட்கவில்லை. பின்னால் யாரோ குழந்தையைக் கூப்பிடும் சத்தம், தகரத்தில் மழை.

கர்னல் பேரீச்சம்பழத்தைக் கையிலேயே வைத்திருந்தார். நேரம் ஆகிவிட்டது என்று தோழி சொன்ன பிறகுதான் வாயில் போட்டார். நாலு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ரயில் வரும் மணி அடித்தார்கள். வண்டி அப்புத்தளைக்குக் கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது திரை ஒளிர்ந்தது.

'வந்துட்டோம் மிஸ். 23 பேர். கொப்பில பேர் எழுதிட்டேன்.'